வழுக்கி விழுந்தேன் என்று சொல்லாதீர்கள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், சாலை விபத்து இழப்பீடு பற்றி உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் கிடையாது. குழுக் கூட்டத்தில் தீர்மானம் வாசித்ததுதான் அதிகம். "உனக்கு நடந்ததை நீயே சொன்னாத்தான் மத்தவங்க மனசுல நிக்கும்" என்று தலைவி அக்கா சொல்லிவிட்டார்கள். அதனால் வந்து நிற்கிறேன்.

நான் செராமிக் பொம்மைக்கு வண்ணம் தீட்டுகிறவள். நவராத்திரிக்கு முன்னால் கொலு பொம்மை, அது முடிந்தால் கார்த்திகைக்கு அகல் விளக்கு. நம் விருத்தாசலத்தில் இந்த வேலை தெரியாத வீடு குறைவு. 2023 நவம்பர் மாதம், கார்த்திகை வேலை மும்முரமாக இருந்த நேரம். காலை ஏழு மணிக்குச் சாலை ஓரமாக நடந்து போனேன். பின்னாலிருந்து வந்த ஒரு கார் இடித்துத் தள்ளியது. வலது மணிக்கட்டு முறிந்தது.

கார்க்காரர் ஓடிப்போகவில்லை. அவரே ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். வழியில் சொன்னார்: "போலீஸ் கேஸுன்னு போனா உங்களுக்குத்தாம்மா அலைச்சல். வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிடுங்க. செலவை நான் பாத்துக்கறேன்." வலியில் எனக்கு எதுவும் ஓடவில்லை. டாக்டர் கேட்டபோது வழுக்கி விழுந்தேன் என்றே சொன்னேன். அவரும் அப்படியே எழுதிக்கொண்டார். மறுநாள் அந்தக் கார்க்காரர் பத்தாயிரம் ரூபாய் கொடுத்தார். வலது கை கட்டில் இருந்ததால் ஒரு வெள்ளைத்தாளில் என் இடது கைப் பெருவிரல் ரேகையை வாங்கிக்கொண்டு போனார். அதோடு சரி. பிறகு போனை எடுக்கவே இல்லை.

பத்தாயிரம் எத்தனை நாளைக்கு வரும்? எலும்புக்குத் தகடு வைக்க வேண்டியிருந்தது. ஐந்து மாதம் வேலை இல்லை. என் குழுக் கடன் தவணையை இரண்டு மாதம் மற்ற உறுப்பினர்கள்தான் பகிர்ந்து கட்டினார்கள். கை கூடிய பிறகும் பழைய பிடி வரவில்லை. முன்பு நான் பொம்மைக்குக் கண் வரைவேன். அந்த வேலைக்குத்தான் கூலி அதிகம். இப்போது கை நடுங்குகிறது. அடிவண்ணம் மட்டும்தான் பூசுகிறேன்.

ஐந்தாவது மாதம் என் குழுத் தலைவி என்னைத் திட்டி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் புகார் கொடுக்க வைத்தார். கார் நம்பரைக் குறித்து வைத்திருந்த டீக்கடைக்காரர் ஒருவர் சாட்சி சொன்னார். ஆறு மாதம் முடிவதற்குள் மனுவும் போட்டோம். ஆனால் இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "ஆஸ்பத்திரி ரிக்கார்டுல வழுக்கி விழுந்ததா இருக்கே, கார் எங்க இருந்து வந்தது?" கடைசியில் மக்கள் நீதிமன்றத்தில் தொண்ணூறாயிரம் ரூபாய்க்குச் சமரசம் ஆனது. எனக்குக் கிடைத்திருக்க வேண்டியது எவ்வளவு என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அதற்குப் பிறகு சட்டத் தன்னார்வலர் பயிற்சிக்கும் போனேன். அங்கே கற்றதும், பட்டுத் தெரிந்துகொண்டதும் கலந்துதான் இந்தப் பேச்சு.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக இருக்கட்டும். ரோட்டில் ஓடுகிற எந்த வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். மூன்றாம் நபர் என்றால் நாம்தான்: நடந்து போகிறவர், சைக்கிளில் போகிறவர், இன்னொரு வண்டியில் வருகிறவர். இடித்தவர் அந்தப் பிரீமியத்தைக் கட்டியிருப்பதே நமக்காகத்தான். ஆகவே நாம் இழப்பீடு கேட்டால் அந்த மனிதரின் குடும்பத்துச் சோற்றைப் பிடுங்குகிறோம் என்று நினைக்க வேண்டாம். காப்பீடு செல்லுபடியாக இருந்தால் பணம் கொடுப்பது கம்பெனி. நான் பாவம் பார்த்து விட்டுக்கொடுத்தது கார்க்காரருக்கு என்று நினைத்தேன். உண்மையில் விட்டுக்கொடுத்தது ஒரு கம்பெனிக்கு.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இல் நமக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, 164-ஆவது பிரிவு. இதில் யார் மேல் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் என்று தொகை நிர்ணயம் ஆகியிருக்கிறது. எலும்பு முறிவு கொடுங்காயத்தில் வரும். ஆனால் அந்த வண்டியால்தான் அடிபட்டது என்பதையாவது காட்ட வேண்டும். 'வழுக்கி விழுந்தேன்' என்ற என் ஒரே வார்த்தை இந்த வழியையே அடைத்துவிட்டது.

இன்னொன்று 166-ஆவது பிரிவு. இதில் ஓட்டியவரின் கவனக்குறைவைக் காட்ட வேண்டும். தொகைக்கு உச்சவரம்பு இல்லை. நமக்கு உண்மையில் என்ன நஷ்டமோ அதைக் கேட்கலாம். இரண்டில் எது நமக்கு நல்லது என்று வக்கீலிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். 164-இல் பணம் வாங்கிவிட்டால் பிறகு 166-க்குப் போக முடியாது.

இப்போது விபத்து நடந்த நாளிலிருந்து செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை சிகிச்சை. தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' என்ற திட்டம் 2021 டிசம்பர் 18-இல் தொடங்கியது. முதல் 48 மணி நேரச் சிகிச்சை, அரசு மருத்துவமனையிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் இலவசம். காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும் உண்டு, வெளியூர்க்காரருக்கும் உண்டு. 2025 மே மாதம் மத்திய அரசும் ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதில் 7 நாள் வரை, ஒன்றரை லட்சம் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். அதனால் "கார்க்காரர்தானே செலவு பாக்கறார், அவர் சொன்னபடி கேப்போம்" என்று யாரும் பயப்படத் தேவையில்லை.

ஆஸ்பத்திரியில் கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். "இந்த இடத்துல, இத்தனை மணிக்கு, கார் இடிச்சது" என்று சொல்லுங்கள். வண்டி நம்பர் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். அதைத்தான் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். ஏ.ஆர். காப்பி என்று சொல்வது அதன் நகலைத்தான். கோர்ட்டில் முதலில் புரட்டுகிற தாள் அதுதான். நம் ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து கடலூருக்கோ, முண்டியம்பாக்கத்துக்கோ, ஜிப்மருக்கோ அனுப்பினால், அங்கேயும் அதே விவரத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்தால் அது நமக்கே திரும்பும்.

அடுத்தது புகார். அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் வீட்டில் ஒருவர் போய்க் கொடுக்கலாம். எஃப்.ஐ.ஆர். நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம், கேட்டு வாங்குங்கள். எதிர்த் தரப்பு முந்திக்கொண்டு "அந்தம்மாதான் குறுக்கே வந்துட்டாங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டால், பாதித் தப்பு நம் தலையில் விழும். அந்த அளவுக்குத் தொகையும் குறையும். சிகிச்சையில் இருந்ததால் புகார் தாமதமானது என்றால் அதைக் காரணத்தோடு எழுதுங்கள். தாமதம் ஒன்றை மட்டும் வைத்து இழப்பீட்டு மனுவைத் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சொல்லியிருக்கிறது. 2022-இல் வந்த விதிப்படி, முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டியது போலீசாரின் கடமை.

மூன்றாவது, ஒரு பை. சிரிக்காதீர்கள்! ஒரு மஞ்சப்பை எடுத்து ஆணியில் மாட்டுங்கள். மருந்துச் சீட்டு, பில், எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, ஆட்டோ வாடகை, கூட இருந்து பார்த்துக்கொண்டவர் இழந்த கூலி விவரம் எல்லாம் அதில் போக வேண்டும். சிகிச்சைச் செலவு, போக்குவரத்து, சத்தான உணவு, வேலைக்குப் போகாத நாட்களின் கூலி, இனிமேல் ஆகப்போகும் வைத்தியம், பட்ட வலி, வேதனை என்று ஒவ்வொரு தலைப்பிலும் தனித்தனியாகக் கேட்கலாம். தாள் இருந்தால் தொகை, அவ்வளவுதான்.

நான்காவது, கெடு. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. அந்தத் திருத்தத்தை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. காலம் கடந்தது என்ற காரணத்துக்காக மட்டும் மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. ஆனால் அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். ஆறு மாதம் என்றே மனதில் வையுங்கள். விபத்து எங்கே நடந்திருந்தாலும், நாம் குடியிருக்கும் பகுதிக்கு உரிய தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம். சென்னைக்குப் போன இடத்தில் அடிபட்டாலும் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை.

இடித்த வண்டி எது என்றே தெரியவில்லையா? அதற்கும் வழி உண்டு. இடித்துவிட்டு ஓடிய வண்டி என்றால் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50 ஆயிரம். இதற்கான விண்ணப்பத்தை வருவாய்த் துறை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும், கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை.

இனி அந்தக் கணக்குக்கு வருகிறேன். கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

கை போனால் எல்லோருக்கும் ஒரே தொகை கிடையாது. மருத்துவக் குழு கொடுக்கிற ஊனச் சதவீதம் வேறு, அந்த ஊனத்தால் சம்பாத்தியம் எவ்வளவு குறைந்தது என்பது வேறு. 2010-இல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. ஒரு கையை இழந்த தச்சருக்கும் ஓட்டுநருக்கும் தொழிலே போய்விடலாம், அலுவலகத்தில் எழுத்து வேலை செய்பவருக்கு அப்படி இல்லை என்றது. அப்படியானால் பொம்மைக்குக் கண் வரைகிறவளின் மணிக்கட்டு? அச்சில் மண் கூழ் ஊற்றித் தூக்குகிறவளின் முதுகு? நம் தொழில் என்ன, அதில் அந்த உறுப்பு என்ன வேலை செய்கிறது என்று நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

38 வயதுப் பெண் ஒருவர் மாதம் 12,000 ரூபாய் சம்பாதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 40 வயதுக்குக் கீழே இருக்கும் சுயதொழில்காரருக்கு, எதிர்கால உயர்வு என்று 40 சதவீதம் சேர்க்கலாம் என்பது 2017-இல் வந்த தீர்ப்பு. ஆக 16,800. வருடத்துக்கு 2,01,600. சம்பாதிக்கும் திறன் 20 சதவீதம் குறைந்தது என்றால், வருட நஷ்டம் 40,320. 36 முதல் 40 வயது வரை 15-ஆல் பெருக்க வேண்டும் என்பது 2009 தீர்ப்பு. மொத்தம் 6,04,800. மருத்துவச் செலவும் வலி வேதனைக்கான தொகையும் இதற்கு மேல் தனி.

சரி, இதே பெண்ணுக்கு வருமானத்துக்கு ஆதாரம் இல்லை, 6,000 என்றுதான் எடுத்துக்கொள்வோம் என்றால்? தொகை அப்படியே பாதியாகி 3,02,400-க்கு இறங்கிவிடும். ஒரு தாள் இல்லாததற்கு விலை மூன்று லட்சம்!

"எங்களுக்குப் பீஸ் ரேட்டு, சம்பளச் சீட்டு ஏது?" என்று கேட்பீர்கள். என்னையும் அதே கேள்வி கேட்டார்கள். அப்போது கைகொடுத்தது நம் குழு நோட்டுத்தான். மாதாமாதம் சேமிப்பு, தவறாமல் கட்டிய கடன் தவணை, எந்தத் தொழிலுக்குக் கடன் என்று எழுதிய தீர்மானம், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் காட்டினோம். வருமானமே இல்லாத பெண் மாதாமாதம் தவணை எப்படிக் கட்டுவாள்? "இவங்களுக்கு வருமானம் இருந்திருக்கு" என்று அந்த இடத்தில் ஒப்புக்கொண்டார்கள். கூட்டம் முடிந்ததும் அவசர அவசரமாக நோட்டு எழுதுகிற குழுக்களுக்குச் சொல்கிறேன்: நீங்கள் எழுதுவது நாளைக்கு ஒரு உறுப்பினரின் சாட்சி. தொழில் என்ன என்ற இடத்தில் 'கூலி' என்று மொட்டையாக எழுதாமல், 'செராமிக் பொம்மை வண்ணம் தீட்டுதல்' என்று எழுதுங்கள். மாதம் எவ்வளவு வருகிறது என்றும் எழுதுங்கள்.

வெளியே வேலைக்குப் போகாத பெண்ணுக்கு ஒன்றும் இல்லையா? உண்டு. 2001-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீ விபத்து வழக்கில், இல்லத்தரசியின் உழைப்பை மாதம் 3,000 ரூபாய் என்று மதிப்பிட்டது. 2009-இல் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன், ஒரு விபத்து வழக்கில் வீட்டு வேலைக்கு மதிப்பு உண்டு என்று விரிவாகவே எழுதினார். 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் அதை வலியுறுத்தியது. 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு அந்தத் தீர்ப்பில் பேசப்பட்டது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண் ஒரு நாளைக்கு 299 நிமிடம் செலவிடுகிறாள், ஆண் 97 நிமிடம் என்கிறது அந்தக் கணக்கு. ஆகவே கோர்ட்டில் "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டால், "சும்மா வீட்லதான் இருக்கேன்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

எங்கே காப்பீடு கிடைக்காது என்பதும் தெரிய வேண்டும். நம் பெண்கள் கல்யாணத்துக்கும், காதுகுத்துக்கும், களை எடுக்கவும் லோடு வண்டியில் ஏறிப் போகிறோம். சரக்கு வண்டியில் சும்மா பயணம் செய்கிறவருக்குக் காப்பீட்டுக் கம்பெனி பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. அந்த வண்டி கவிழ்ந்தால் வண்டி உரிமையாளரிடம்தான் கேட்க வேண்டும். அவரிடம் ஒன்றும் இல்லையென்றால் தீர்ப்பு வெறும் காகிதம்தான். வீட்டுக்காரர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும்போது, வேறு வண்டி மோதாமல் அவரே கீழே போட்டுவிட்டால், அந்த பைக்குக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் நமக்குப் போதாது. முழுக் காப்பீடு இருந்தால்தான் பின்னால் இருப்பவருக்கும் வரும்.

நம் வண்டி இன்னொருவரை இடித்தால்? கடன் வாங்கியோ மானியத்திலோ வாங்கிய ஸ்கூட்டி இன்று நிறையப் பெண்கள் பெயரில் இருக்கிறது. மகன் ஓட்டி யாரையாவது இடித்துவிட்டான், இன்சூரன்ஸ் போன மாதமே முடிந்துவிட்டது என்றால், முழுத் தொகையும் உரிமையாளர் தலையில். இன்சூரன்ஸ் இருந்து மகனுக்கு லைசென்ஸ் இல்லையென்றால், கம்பெனி கட்டச் சொல்லி உத்தரவாகலாம், ஆனால் பிறகு அதை நம்மிடமே வசூலிக்கலாம். பதினெட்டு வயது ஆகாத பிள்ளை என்றால் நமக்கு மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியை விற்றுவிட்டு ஆர்.சி.யில் பெயர் மாற்றாமல் விட்டவர்கள் இங்கே இருந்தால், நாளைக்கே போய் மாற்றுங்கள். புத்தகத்தில் யார் பெயரோ அவர்தான் பொறுப்பு.

வருடம் 20 ரூபாயில் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா இருக்கிறது. 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் உயிரிழந்தாலோ முழு ஊனம் ஆனாலோ 2 லட்சம். ஒரு கையோ, காலோ, கண்ணோ நிரந்தரமாகப் போனால் 1 லட்சம். தப்பு யார் மேல் என்று இதில் கேட்பதில்லை. மே கடைசியில் வங்கிக் கணக்கில் அந்த 20 ரூபாய் இருக்கிறதா என்று குழுவிலேயே ஒருவர் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாகக் கையெழுத்து. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே வந்து "கேஸ் நாங்க நடத்தறோம், வர்றதுல பாதி" என்று சொல்கிறவர்களிடம் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கிடைக்கும் தொகையில் பங்கு என்று வக்கீல் கட்டணம் பேசுவது பார் கவுன்சில் விதிப்படியே கூடாது. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. விருத்தாசலம் நீதிமன்றத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள். அல்லது 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், காசு கிடையாது. மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்வது நல்லதுதான், சீக்கிரம் பணம் வரும். ஆனால் அங்கே ஒப்புக்கொண்டால் மேல்முறையீடு இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டுங்கள்.

என் கை பழையபடி ஆகாது. கண் வரைகிற வேலையை இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அவளுக்குத் தூரிகை பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததோடு இதையும் சொன்னேன்: "ரோட்டுல உனக்கு ஏதாவது ஆனா, முதல்ல நம்ம குழுவுக்குப் போன் பண்ணு. நாங்க வர்ற வரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடாத."

உங்கள் ஒவ்வொரு குழுவிலும் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாக எழுதுங்கள். உறுப்பினருக்கு விபத்து என்று தெரிந்தால் அன்றைக்கே இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒருவர் ஏ.ஆர். காப்பியைப் பார்க்கட்டும், ஒருவர் ஸ்டேஷனுக்குப் போகட்டும். எனக்கு ஐந்தாவது மாதம் கிடைத்த துணை, உங்களில் ஒருவருக்கு முதல் நாளே கிடைக்கட்டும்.